பட்டவர் சொல்லே சாட்சி

ஏர்சாஃப்ட் துப்பாக்கியிலிருந்து பறக்கும் குண்டு ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் உருண்டை. எடை பெரும்பாலும் 0.20 அல்லது 0.25 கிராம். 0.20 கிராம் உருண்டை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் அதிலிருக்கும் ஆற்றல் ஒரே ஒரு ஜூல்தான். காற்றின் தடையில் அதுவும் சீக்கிரம் கரைந்துவிடும். நாற்பது மீட்டர் தாண்டி வந்து தடித்த சட்டையின் மடிப்பிலோ முதுகுப்பையிலோ விழுந்தால், லேசாகத் தட்டிவிட்டுப் போவதோடு சரி. பெயின்ட்பால் குண்டைப் போல அது உடைந்து சாயம் பூசுவதில்லை. துணியில் கறை இருக்காது. கீழே விழுந்த உருண்டையும் சருகுக்குள் மறைந்துவிடும். ஆகவே ஒருவர்மேல் குண்டு பட்டதா இல்லையா என்பதற்கு இந்த ஆட்டத்தில் இருக்கும் ஒரே சாட்சி, பட்டவர்தான். அவர் கையை உயர்த்தி "ஹிட்!" என்று கத்தினால் பட்டது. கத்தாவிட்டால் படவில்லை.

ஒரு நாள் முழுக்க வெளியில் கூடி விளையாடத் திட்டமிடும் குழு, என்னென்ன ஆட்டங்கள் வைக்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கும். கொடி பிடிப்பதா, ஒருவரைக் காவலோடு அழைத்துப் போவதா, கடைசி ஆள் மிஞ்சும்வரை மோதுவதா? சமய நம்பிக்கையோடு வளர்ந்த பலருக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: இன்னொரு மனிதரைக் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகச் செய்யலாமா? முதல் கேள்வி ஏற்பாட்டாளர் பாடு, இரண்டாவது அவரவர் மனசாட்சியின் பாடு என்று பொதுவாகப் பிரித்து வைத்துவிடுகிறோம். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. கொல்வதுபோல் ஆடுவது பாவமா என்பதை, பட்டவரின் வாய்ச்சொல்லுக்கு அந்த ஆட்டம் என்ன இடம் கொடுக்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய முடியும். அந்த இடத்தைக் கொடுப்பதோ பறிப்பதோ, அன்றைக்கு நாம் தேர்ந்தெடுக்கும் ஆட்டம்.

இந்த விளையாட்டு ஜப்பானில் பிறந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாதாரணக் குடிமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்திய நாடு அது. நிஜத் துப்பாக்கி கைக்கு எட்டாத அந்தச் சமூகத்தில், 1970களிலும் 80களிலும் காற்றழுத்தத்தால் உருண்டை எறியும் பொம்மைத் துப்பாக்கிகள் பெரியவர்களின் பொழுதுபோக்காக வளர்ந்தன. 1991இல் டோக்கியோ மாருய் நிறுவனம் மின்மோட்டாரால் இயங்கும் ஃபாமாஸ் துப்பாக்கி மாதிரியைக் கொண்டுவந்த பிறகு ஆட்டம் வேகமாகப் பரவியது. இன்று சிபா மாவட்டத்தில் இதற்கென்றே பல திடல்கள் இருக்கின்றன. 2006இல் திருத்திய சட்டம் ஆறு மில்லிமீட்டர் உருண்டையின் ஆற்றலுக்கு 0.98 ஜூல் அளவில் வரம்பு கட்டியது. இவ்வளவு மென்மையான குண்டை வைத்துக்கொண்டு போட்டி ஆட வேண்டுமென்றால், பட்டவர் தாமே ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பட்டும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருப்பவரை ஆட்டக்காரர்கள் ஸோம்பி என்கிறார்கள். இந்தக் களத்தில் இதைவிடப் பெரிய வசை கிடையாது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இதன் கனம் உடனே விளங்கும். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆடிய ஆடம் கில்கிறிஸ்ட், நடுவர் அவுட் கொடுக்காதபோதும் பந்து தன் மட்டையில் உரசியது தனக்குத் தெரியும் என்பதால் தானாகவே நடந்து வெளியேறினார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், கிரிக்கெட்டில் அது விதிவிலக்கு என்பதுதான் காரணம். நடுவர் இருக்கிறார், முடிவு அவருடையது, நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதற்கு அந்த ஆட்டம் இடம் தருகிறது. ஏர்சாஃப்டில் அப்படி ஒதுங்கிக்கொள்ள முடியாது. கில்கிறிஸ்ட் ஒருமுறை செய்ததை ஒவ்வொருவரும் ஒரே நாளில் பலமுறை, கேமராவும் கைதட்டலும் இல்லாமல், புதருக்குப் பின்னால் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், போட்டவரை மறைத்துவிடும் மோதிரம் ஒன்று லிடியா நாட்டு இடையனுக்குக் கிடைத்த கதை வருகிறது. அப்படியொரு மோதிரம் கையில் இருந்தால் நேர்மையாக இருக்கப்போகிறவர் யார் என்பது அங்கே கிளௌகோன் எழுப்பும் கேள்வி. தத்துவ வகுப்புகளில் அதைக் கற்பனையாகவே விவாதிக்கிறார்கள். இந்தத் திடலிலோ நுழைகிற ஒவ்வொருவருக்கும் அந்த மோதிரத்தைக் கையில் கொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். நான் அறிந்தவற்றில் மிக வலுவான மறுப்பு தமிழிலேயே இருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம் ஒரு மாக்கோழியின் கதை. அரசன் யசோதரனுக்கு உயிர்ப்பலியில் மனமில்லை. தாய் சந்திரமதியோ பலி கொடுத்தே ஆக வேண்டும் என்கிறாள். கடைசியில் இருவரும் நடுவழி ஒன்றைக் கண்டு, மாவால் கோழி செய்து அதை வெட்டிப் பலியிடுகிறார்கள். இரத்தம் சிந்தவில்லை, எந்த உயிரும் போகவில்லை. ஆனாலும் அந்த வினை அவர்களை விடவில்லை. மயிலாகவும் நாயாகவும், பிறகு வேறு பல விலங்குகளாகவும் பிறந்து பிறந்து துன்பப்படுகிறார்கள். கொலை என்பது கத்தியில் தொடங்குவதில்லை, எண்ணத்திலேயே தொடங்கிவிடுகிறது என்ற சமணக் கொள்கையை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதை அரிது. சும்மா விளையாட்டுதானே என்ற சமாதானம் இதன்முன் நிற்காது. மாவும் பிளாஸ்டிக்கும் வேறு வேறு பொருள்கள் என்றாலும், ஓங்கிய கை ஒன்றுதான் என்று சமணர் கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் காப்பியத்தை உரிய மதிப்போடு படித்தால் பதிலும் அதற்குள்ளேயே கிடைக்கிறது. யசோதரன் மாக்கோழியை வெட்டியபோது விரும்பியது என்ன? உயிர்க்கோழியை வெட்டினால் கிடைக்கும் பலன் அப்படியே கிடைக்க வேண்டும் என்பதைத்தான். மாக்கோழியை உயிர்க்கோழியாகவே தெய்வம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பலியின் கருத்து. சாவு அங்கே வேண்டப்பட்டது. சாகவேண்டிய உடல் மட்டும் மாற்றி வைக்கப்பட்டது. எண்ணத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விளையாட்டின் நடுவில் நிஜமாகவே ஒருவர் கால் பிசகி விழுந்துவிட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒரு குரல் எழுந்ததும் அத்தனை துப்பாக்கிகளும் தாழ்கின்றன. ஒரு நொடிக்கு முன்வரை அவரைக் குறிவைத்துக்கொண்டிருந்தவரே தண்ணீர் பாட்டிலோடு முதலில் ஓடி வருகிறார். சாவை விரும்பும் எண்ணத்துக்கு நிஜக் காயம் நிறைவாக இருந்திருக்க வேண்டும். இங்கே அதுவே ஆட்டத்தின் தோல்வி. இன்னொன்றும் உண்டு. மாக்கோழிக்கு வாய் இல்லை. வெட்டுப்பட்டேன் என்றோ படவில்லை என்றோ அதனால் சொல்ல முடியாது. ஏர்சாஃப்டில் பட்டவர் வாய் திறந்தால்தான் சுட்டது கணக்கில் வரும். நிஜ வன்முறை முதலில் பறிப்பது, பாதிக்கப்பட்டவரின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பை. அதே சொல்லை இந்த ஆட்டம் தீர்ப்பின் இருக்கையில் உட்கார்த்தியிருக்கிறது.

ஆனால் இந்தப் பதில் எல்லா ஆட்டக்காரருக்கும் தானாகவே பொருந்திவிடாது. கையை உயர்த்திவிட்டவர்மேல் மறுபடியும் ஒரு சரம் உருண்டைகளை விடுகிறவர், ஐந்தடித் தூரத்தில் நிற்பவரின் கழுத்தைப் பார்த்து அடித்து அவர் துடிப்பதை ரசிக்கிறவர், வேக வரம்பை மீறித் துப்பாக்கியைத் திருத்திக்கொண்டு வருகிறவர்: இவர்கள் விஷயத்தில் யசோதர காவியத்தின் தீர்ப்பு முழுதாக நிற்கிறது. காலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் குரோனோவில் வைத்து வேகம் அளக்கும் வழக்கத்தையும், நெருக்கத்தில் சுடாமல் சரணடையச் சொல்லும் வழக்கத்தையும் பாதுகாப்பு ஏற்பாடுகளாகவே பார்க்கிறோம். அவை எண்ணத்துக்கும் கட்டிய கரைகள்.

மற்ற சமயங்களின் தடைகளைப் பார்க்கும்போது, எதைத் தடுத்தார்கள் என்பதோடு ஏன் தடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். பௌத்தத்தின் பிரம்மஜால சூத்திரம், புத்தர் விலகியிருந்த காட்சிகளின் பட்டியலில் போலிச் சண்டையையும் படை அணிவகுப்பையும் சொல்கிறது. விளையாட்டுகளின் பட்டியலில் பொம்மை வில்லைச் சொல்கிறது. ஆனால் அதே விளையாட்டுப் பட்டியலில் கட்டம் போட்ட பலகை ஆட்டங்களும், பந்தும், குட்டிக்கரணமும், பொம்மைக் காற்றாலையும்கூட இருக்கின்றன. துறவியின் விழிப்பைக் கலைப்பவை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பொம்மைக் காற்றாலையில் வன்முறை இல்லை; ஆக அந்தப் பட்டியல் வன்முறையைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. ஐரோப்பாவில் வீரர்கள் குதிரையேறி மோதிய போட்டிப்போர்களைத் திருச்சபை 1130இல் கிளெர்மோன்ட் சங்கத்திலும், 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கத்திலும் தடை செய்தது. அங்கே இறந்தவருக்குப் பாவமன்னிப்பை மறுக்கவில்லை. திருச்சபைக் கல்லறையில் இடத்தை மறுத்தது. வலிமையைக் காட்டிக்கொள்ளும் வீம்பும், அதனால் நேர்ந்த மனிதச் சாவுகளும், ஆன்மாக்களுக்கு வந்த ஆபத்தும் அது சொன்ன காரணங்கள். 1316இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் தடையை நீக்கினார். சாவும் வீம்பும் இருக்கும் இடத்தில் தடைக்கு நியாயம் உண்டு. சாவைக் கண்காப்புக் கண்ணாடியும் வேக வரம்பும் தடுக்கின்றன. வீம்பை எது தடுக்கும் என்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தக் கேள்விதான் புனித அகுஸ்தீனாரின் 'ஒப்புதல்கள்' நூலின் ஆறாம் பகுதியிலும் வருகிறது. அவருடைய நண்பர் அலிப்பியுஸ், கிளாடியேட்டர் சண்டையை வெறுத்தவர். நண்பர்கள் இழுத்துப்போனபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் போட்ட ஒரு பெருங்கூச்சலில் கண் திறந்தது. இரத்தத்தைக் கண்டதும் அதில் போதை ஏறி, பிறகு மற்றவர்களையும் இழுத்து வருகிறவராக மாறிப்போனார். நல்ல மனமும் பழக்கத்தில் கரையும் என்ற இந்த எச்சரிக்கையை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். அலிப்பியுஸ் வேடிக்கை பார்த்தவர், ஏர்சாஃப்ட் ஆடுகிறவர் தாமும் அடிபடுகிறவர் என்ற வேறுபாடு உண்மைதான். அங்கே சிந்தியது நிஜ இரத்தம் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு நாள் முழுக்க எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அது நம்மை வடிக்கும் என்பதை மறுக்க முடியாது. நாம் கேட்க வேண்டியது, எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம் என்பதைத்தான். ஆட்டத் தேர்வு அறத்தின் விஷயமாக மாறுவது இந்த இடத்தில்.

பெரும்பாலான குழுக்கள் முதலில் வைப்பது, கடைசி ஆள் மிஞ்சும்வரை மோதும் ஆட்டம். விளக்கவே தேவையில்லாதது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. அறத்தின் கண்ணால் பார்த்தால் இருப்பதிலேயே மோசமான ஆட்டம் இதுதான் என்பேன். இருபது பேர் ஒரு பக்கம், இருபது பேர் மறுபக்கம் என்று வையுங்கள். விசில் ஊதிய இரண்டாவது நிமிடம் ஒருவர்மேல் படுகிறது. அவர் உண்மையைச் சொன்னால், அடுத்த அரைமணி நேரம் வெயிலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்டம் தொடர்கிறது, யாருக்கும் தெரியாது. உண்மைக்குத் தண்டனையும் பொய்க்குப் பரிசும் என்று விதியே எழுதிவைத்திருக்கிறது. பொய் சொன்னவரை அவர் நெஞ்சே சுடும் என்று வள்ளுவர் சொல்வது சரிதான். அதற்காக நெஞ்சை மட்டும் காவலுக்கு நிறுத்திவிட்டு, பொய்க்கு வாசலைத் திறந்து வைப்பது ஏற்பாட்டாளருக்கு அழகாகாது. மனிதரின் நேர்மையில் நம்பிக்கை வைப்பவர், அந்த நேர்மைக்கு ஆகும் விலையைக் குறைத்து வைக்கவும் கடமைப்பட்டவர்.

விலையைக் குறைக்கும் ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மெடிக் ஆட்டம். பட்டவர் பட்ட இடத்திலேயே குந்தி, பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொள்கிறார். துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டு "மெடிக்!" என்று கூப்பிடுகிறார். அணியில் மெடிக்காக இருப்பவர் மரத்துக்கு மரம் ஒதுங்கி வந்து, அவர் தோள்மேல் கை வைத்து முப்பதுவரை எண்ணுகிறார், அல்லது கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டுகிறார். கட்டி முடித்ததும் பட்டவர் எழுந்து ஆடலாம். கட்டோடு இருக்கும்போது மறுபடியும் பட்டால், முகாமுக்குத் திரும்பி நடந்து போய்த் தொடங்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் என்ன மாறிவிடுகிறது என்று கவனியுங்கள். பட்டதைச் சொல்வது ஆட்டத்தின் முடிவாக இல்லாமல், உதவி கேட்கும் குரலாக ஆகிறது. களத்திலேயே அதிகம் ஓடுபவரும் அதிகம் ஆபத்தில் நிற்பவரும் சுடுகிறவராக இல்லை. குனிந்து துணி கட்டுகிறவராக இருக்கிறார். நாள் முடிந்து வண்டியேறும்போது, யார் எத்தனை பேரை அடித்தார் என்பதைவிட யார் யாரைத் தூக்கிவிட்டார் என்பதே அதிகம் பேசப்படும்.

கொடி பிடிக்கும் ஆட்டத்துக்கு வரலாற்றிலேயே ஒரு நல்ல சாட்சியம் உண்டு. ஏர்சாஃப்டின் உறவுக்கார விளையாட்டான பெயின்ட்பாலின் முதல் ஆட்டம், 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊரருகே ஒரு காட்டில் நடந்தது. மரங்களுக்கும் மாடுகளுக்கும் சாய அடையாளம் இடப் பயன்பட்ட துப்பாக்கியோடு பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடிகளைச் சேகரிக்கும் போட்டி. வென்றவர் அந்த ஊர்ப்பக்கத்து வனத்தொழிலாளி ஒருவர். ஒரு குண்டுகூடச் சுடாமல், யார் கண்ணிலும் படாமல் எல்லாக் கொடிகளையும் சேர்த்துவிட்டார். சுடுவதற்கென்றே கூடிய கூட்டத்தில் சுடாதவர் வென்றதற்கு, இலக்கு மனித உடலாக இல்லாமல் கொடியாக இருந்ததே காரணம். ஆயுதம் ஏந்தாத ஒருவரைக் காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்திரமாக அழைத்துப் போகும் காவல் ஆட்டத்தையும் இதே காரணத்துக்காகச் சொல்வேன். அங்கே ஒரு உயிரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வெற்றி. சுடுவது அதற்கு ஊழியம். தொற்று ஆட்டத்தில் பட்டவர் எதிரணியில் சேர்ந்துவிடுவதால் யாரும் வெளியே உட்காரத் தேவையில்லை. பிள்ளைகள் இருக்கும் குழுவுக்கு அது ஏற்றது. ஆளுக்கு முப்பது உருண்டை மட்டும் கொடுத்து ஆடவைத்தால், ஒவ்வொரு முறை விசையை அழுத்துமுன்னும் யோசிக்க வேண்டியிருக்கும். மக்கும் உருண்டைகளை வாங்குவதும் இதோடு சேர்ந்ததே. ஒரு நாள் ஆட்டத்துக்காக ஒரு காட்டின் தரையில் ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக்கைத் தூவிவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை.

எல்லாவற்றிலும் கடினமானதாக நான் கருதுவது எண்ணிக்கை ஆட்டம். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வந்து ஆடலாம். ஆனால் பட்டு முகாமுக்கு வரும் ஒவ்வொருவரும் அங்கே தொங்கும் எண்ணியை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கடைசியில் குறைந்த எண்ணிக்கை உள்ள அணி வெல்லும். இங்கே தன் அணியின் தோல்வியைத் தன் கையாலேயே பதிவு செய்கிறார் ஒவ்வொருவரும். வீம்பை எது தடுக்கும் என்று சற்றுமுன் பாக்கி வைத்த கேள்விக்கு இதுவே என் பதில். எதிரியை எத்தனை முறை வீழ்த்தினேன் என்ற கணக்கை இந்த ஆட்டம் கேட்பதே இல்லை. நான் எத்தனை முறை வீழ்ந்தேன் என்ற கணக்கை மட்டும் கேட்கிறது. ஒருவரை ஒருவர் ஓரளவு அறிந்த பிறகு, பிற்பகலில் வைக்க வேண்டிய ஆட்டம் இது.

விளையாட வந்தவர்களிடம் ஏன் இத்தனை அறப் பாரத்தை ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். பாரம் வெளியிலிருந்து ஏற்றியதல்ல என்பதே அதற்கு விடை. தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்று அவற்றைத் தாண்ட முயல்வதே விளையாட்டு என்று பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் 'வெட்டுக்கிளி' என்ற நூலில் வரையறுத்தார். அந்தக் கணக்கில், பட்டால் சொல்ல வேண்டும் என்பது ஏர்சாஃப்டின் தலையாய தடை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காட்டுக்குள் ஓட்டமும் சத்தமும் மட்டுமே. யோஹான் ஹுய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' நூலில், ஆட்டத்தையே மறுத்து வெளியேறுகிறவரைவிட ஏமாற்றுகிறவரைச் சமூகம் எளிதில் மன்னிக்கிறது என்று கவனித்தார். ஏமாற்றுகிறவர் விதியை மதிப்பதுபோல் நடிக்கவாவது செய்கிறார் அல்லவா? மற்ற ஆட்டங்களுக்கு அது பொருந்தலாம். ஏர்சாஃப்டில் நிலைமை தலைகீழ். கோபித்துக்கொண்டு வெளியேறியவரால் ஒரு ஆள் குறைகிறது. ஏமாற்றுகிறவரால் மற்ற எல்லோருடைய சொல்லின் மதிப்பும் குறைகிறது. பிறகு ஒவ்வொரு மௌனமும் பொய்யாகவே தெரியத் தொடங்கும்.

அப்படித் தெரிவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், ஆகவே இந்த வாதமே கனவு என்று சொல்கிறவர்களுக்கு அங்கேதான் என் பதில். சுடுபவருக்குத் தன் உருண்டை பட்டதாகவே எப்போதும் தோன்றும். ஆனால் நடுவில் ஒரு இலை அதைத் திருப்பியிருக்கலாம். துப்பாக்கிக்குள் கொடுத்த பின்சுழற்சி தீர்ந்து, கடைசி இரண்டு மீட்டரில் அது தாழ்ந்து விழுந்திருக்கலாம். பட்டவரே ஓட்டத்தில் உணராமல் போயிருக்கலாம். எனவேதான் எதிரிக்காக நீ "ஹிட்" சொல்லாதே என்ற விதியைப் பல திடல்கள் வைத்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் களத்தைக் கண்காணிக்கும் மார்ஷலிடம் சொல்லலாம்; களத்தில் நின்று குற்றம் சாட்டக் கூடாது. தன்மேல் பட்டதை ஒப்புக்கொள்ளும் நேர்மை எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது தன் கண்ணால் கண்டதாக நினைப்பதை விட்டுக்கொடுத்து இன்னொருவர் சொல்லை ஏற்கும் பணிவு. இந்த ஆட்டம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. சிலர் தவறுவார்கள் என்பதால் அந்தப் பயிற்சி பொய்யாகிவிடாது. எவராலும் தவறவே முடியாத இடத்தில் நேர்மையைப் பழக வாய்ப்பும் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் திடலுக்குள் செல்லும். வேலிக்கு வெளியே இருப்பவர் இந்த விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டவர் அல்ல. 2014 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாண்டில், ஒரு பூங்காவில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவனைப் போலீஸ் அதிகாரி ஒருவர், வந்து இறங்கிய இரண்டு நொடிக்குள் சுட்டார். மறுநாள் அந்தக் குழந்தை இறந்துபோனது. பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. அந்தச் சாவுக்கான பொறுப்பை ஒரு பொம்மையின் முனைமேல் ஏற்ற முடியாது. ஆனாலும் பார்ப்பவருக்கு இது ஆட்டம் என்று தெரியாத இடத்தில் துப்பாக்கி உருவத்தை வெளியே எடுப்பது, அவரைக் கேட்காமலே அவரை ஆட்டத்தில் இழுப்பது. பையை மூடி எடுத்துப் போவது, அக்கம்பக்கத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது, பொது இடத்தை ஆடுகளமாக ஆக்காமல் இருப்பது ஆகிய மூன்றும், நான் சொல்லிவரும் அதே கொள்கையிலிருந்துதான் வருகின்றன. ஒப்புதல் இல்லாதவரிடம் ஆட்டம் செல்லாது.

கடைசி மறுப்பு போரைப் பார்த்தவர்களுடையது. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தில், பள்ளி நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்று மகன் ஏர்சாஃப்டுக்குக் கிளம்பும்போது, ஷெல் சத்தத்துக்குப் பதுங்குகுழியில் பிள்ளைகளை அணைத்துக் கிடந்த ஒரு தாய்க்கு இந்தக் கட்டுரையின் எந்த வாதமும் தேவைப்படாது. எந்த வாதமும் போதவும் செய்யாது. அவரிடம் எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் போவது தவறு என்றே கருதுகிறேன். பட்டதா இல்லையா என்பதைப் பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை என்றால், அந்தத் தாய் தனக்கு வலிக்கிறது என்று சொல்லும்போதும் அதே விதிதான் நடக்க வேண்டும். அவர் சொல்லைச் சோதிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஏற்பாட்டாளர் இதிலிருந்து செய்ய வேண்டியவை சில உண்டு. நடந்த போர்களின் பெயரையோ, இன்றும் உள்ள படைகளின் சீருடையையோ ஆட்டத்தில் கொண்டுவரக் கூடாது. பணயக் கைதியை விசாரிப்பது, வரிசையில் நிறுத்திச் சுடுவது போன்ற காட்சிகளை, எவ்வளவு பேர் விரும்பிக் கேட்டாலும், பட்டியலில் சேர்க்கவே கூடாது. அன்றைய ஆட்டங்களின் பட்டியலை ஒரு வாரத்துக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பி, வர விரும்பாதவர் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும்.